அடிக்கு அரை இஞ்ச்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



ஆண்டு மலர் என்றாலே கவிதை வரும், காதல் வரும், வேலையில்லாத் திண்டாட்டம் வரும். நான் ஒரு பொம்மை லாரியைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிப்பு வருகிறதா? தாராளமாகச் சிரியுங்கள். இது எனக்குப் பழகிப்போன சிரிப்புதான்.

இரண்டாம் ஆண்டில் ஒருநாள் சோப்பு கடன் வாங்க வந்த அறை நண்பன் என் டிரங்குப் பெட்டியைத் திறந்துவிட்டான். சோப்புக்குப் பதில் வேட்டித் துணியில் சுற்றிய ஒரு லாரி அவன் கையில் வந்தது. "டேய்ய்... இங்க வந்து பாருங்கடா, மெக்கானிக்கல் என்ஜினியர் பொம்மை வச்சு விளையாடறாரு!" அவ்வளவுதான். அன்று ராத்திரிக்குள் விடுதி முழுக்க எனக்குப் 'பொம்மைக்காரன்' என்று பெயர் விழுந்துவிட்டது. மெஸ்ஸில் சாப்பாடு போடுகிற அண்ணன்கூட, "என்ன தம்பி, லோடு ஏத்தியாச்சா?" என்று கேட்டார்.

அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. லாரியைத் திரும்பவும் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். அன்று சொல்லாத பதிலை இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதில். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது பொம்மையா?

கடையில் வாங்கி உருட்டி விளையாடுவது பொம்மை. ஒரு நிஜ வண்டியை அளந்து, அந்த அளவுகளை எல்லாம் ஒரே விகிதத்தில் சுருக்கி, பாகம் பாகமாகச் செய்து பூட்டினால் அதற்கு மாதிரி என்று பெயர். ஸ்கேல் மாடல். முதலாமாண்டு கிராபிக்ஸ் பாடத்தில் ஆர்.எஃப். என்று படித்தோமே, வரைபடத்தின் அளவுக்கும் நிஜ அளவுக்கும் உள்ள விகிதம், அதேதான் இதற்கும் ஆதாரம்.

உலகம் முழுவதும் இதைப் பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். 1:12, 1:24, 1:43, 1:64, 1:87 என்று அவர்களுக்குள் ஒரு கணக்கு. இந்த எண்களைப் பார்த்தால் யாரோ கண்ணை மூடிக்கொண்டு எடுத்த மாதிரி இருக்கும். அப்படி இல்லை. பெரும்பாலும் எல்லாம் பழைய அடி, அங்குலக் கணக்கு. ஒரு அடியை ஒரு அங்குலமாகச் சுருக்கினால் 1:12. அரை அங்குலமாகச் சுருக்கினால் 1:24. ஒரு அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு என்றால் 1:64. ஒரு அடிக்கு ஏழு மில்லிமீட்டர் என்று பொம்மை ரயில்காரர்கள் வைத்த கணக்கிலிருந்து வந்தது 1:43. அதில் பாதி, அதாவது அடிக்கு மூன்றரை மில்லிமீட்டர் என்றால் 1:87.

இந்தப் பொழுதுபோக்கு எங்கிருந்து வளர்ந்தது என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் பிஷர் பாடி பிரிவு, பள்ளிப் பையன்களுக்காக 1930இல் ஒரு போட்டியைத் தொடங்கியது. முதலில் நெப்போலியன் காலத்துக் குதிரை வண்டி ஒன்றை வரைபடம் பார்த்து அப்படியே சிறிதாகச் செய்ய வேண்டும். 1937 முதல் கார் மாதிரியும் சேர்ந்தது. தானே வடிவமைத்து, அடிக்கு ஒரு அங்குலம் என்ற கணக்கில் செய்ய வேண்டும். ஜெயித்தவர்களுக்குக் கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை. 1968 வரை நடந்தது. 1947இல் அதில் பரிசு வாங்கிய சார்லஸ் ஜோர்டான் என்ற இளைஞர், பிற்காலத்தில் அதே ஜெனரல் மோட்டார்ஸில் வடிவமைப்புப் பிரிவுக்கே துணைத் தலைவர் ஆனார். 1986 முதல் 1992 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். பொம்மைக்காரன்தான் அவரும்!

இங்கிலாந்துக் கதை இன்னும் சுவையானது. லெஸ்னி கம்பெனியின் ஜாக் ஓடெல் என்பவருடைய மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்குகிற பொம்மையை மட்டும்தான் கொண்டுவரலாம் என்று விதி. அவர் பித்தளையில் குட்டியாக ஒரு ரோடு ரோலர் செய்து மகளிடம் கொடுத்தனுப்பினார். அதிலிருந்து பிறந்ததுதான் 1953இல் வந்த மேட்ச்பாக்ஸ் கார்கள்.

ஜப்பானில் ஷிசுவோகா நகரத்து டாமியா கம்பெனி 1946இல் தொடங்கும்போது மரக்கடை. மரம் அறுத்து விற்றவர்கள் மரத்தில் மாதிரிகள் செய்தார்கள், பிறகு 1960இல் பிளாஸ்டிக்குக்கு வந்தார்கள். போர்ஷே கார் மாதிரி செய்வதற்காக ஒரு நிஜ போர்ஷே 911 காரையே விலைக்கு வாங்கிப் பிரித்துப் போட்டு அளந்தார்கள் என்றால் பாருங்கள். அந்த 1:12 மாதிரி 1976இல் வெளிவந்தது.

மரக்கடை என்று படித்ததும் எனக்கு என் அப்பா ஞாபகம் வந்தது.

அப்பாவின் பட்டறை

என் அப்பா நாமக்கல் பக்கம் ஒரு லாரி பாடி கட்டும் பட்டறையில் தச்சு வேலை பார்ப்பவர். ஐந்தாம் வகுப்பு வரைதான் படிப்பு. அம்மா கோழிப் பண்ணைக்குக் கூலிக்குப் போகிறாள். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். எங்கள் ஜில்லாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கம்பெனியிலிருந்து லாரி முழுசாக வராது. என்ஜின், சட்டம், சக்கரம், முன்பக்கம் கொஞ்சம் தகரம், அவ்வளவோடு சேசிஸாக வரும். டிரைவர் தலைக்கு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, முகத்தில் காற்று அடிக்க ஓட்டிக்கொண்டு வருவார். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பட்டறைகளில்தான் அதற்குக் கேபினும் பாடியும் கட்டி, கதவு மாட்டி, பெயிண்ட் அடித்து, லாரி என்று ஒரு உருவம் கொடுப்பார்கள்.

முதலாமாண்டில் எனக்கு கிராபிக்ஸில் அரியர் விழுந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அந்தப் பாடம் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பிளான், எலிவேஷன், சைடு வியூ என்று மூன்று பக்கமும் வரையச் சொன்னால், "கற்பனை பண்ணிப் பாருப்பா" என்பார் ஆசிரியர். எதைக் கற்பனை பண்ணுவது? ஸ்கேல் வரையச் சொன்னால் கோடு போடுவேன், பிரிப்பேன், ஏன் பிரிக்கிறேன் என்று தெரியாது. பெயிலான பேப்பரை வீட்டில் சொல்ல ஒரு வாரம் ஆனது. முதல் தலைமுறைப் பட்டதாரி, முதல் தலைமுறை டிப்ளமா என்று மேடையில் பேசுவது எளிது. அரியர் என்றால் என்ன என்று அம்மாவுக்கு விளக்கிச் சொல்வது கஷ்டம். "அப்ப திரும்பப் பணம் கட்டோணுமா கண்ணு?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த விடுமுறையில் சும்மா இருக்க முடியாமல் அப்பாவோடு பட்டறைக்குப் போனேன். கழித்துப்போட்ட மரத்துண்டுகளைப் பார்த்ததும் கை பரபரத்தது. சின்ன வயதில் நுங்கு வண்டி ஓட்டியவன், ஹவாய் செருப்பை அறுத்துச் சக்கரம் செய்தவன்தானே! அங்கே நின்ற லாரியைப் பார்த்து ஒரு சின்ன லாரி செய்யலாம் என்று உட்கார்ந்தேன். எந்த அளவில் செய்வது என்று யோசித்து, 1:24 என்று ஒரு புத்தகத்தில் பார்த்ததை அப்பாவிடம் சொன்னேன்.

"இருபத்துநாலுல ஒரு பங்குன்னா?"

"நிஜ வண்டியில இருபத்துநாலு இஞ்ச் இருந்தா இதுல ஒரு இஞ்ச்சுங்கப்பா."

அப்பா பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். "அப்ப அடிக்கு அரை இஞ்ச். அதை இப்படிச் சொல்ல மாட்டயா?"

ஒரு நிமிஷம் எனக்குப் பேச்சே வரவில்லை. பதினெட்டு அடி பாடி என்றால் ஒன்பது இஞ்ச். ஏழு அடி அகலம் என்றால் மூன்றரை இஞ்ச். டேப்பைப் பிடித்தபடி அப்பா சொல்லிக்கொண்டே போகிறார், நான் எழுதிக்கொண்டே போகிறேன். ஒரு வருஷம் முழுக்க வகுப்பில் உட்கார்ந்து எனக்குப் புரியாத ஆர்.எஃப்., அந்த மரத்தூள் குவியல் மேல் உட்கார்ந்திருந்தபோது புரிந்தது. அப்பாவுக்கு ஸ்கேல் என்ற வார்த்தைதான் தெரியாது. விஷயம் முழுக்கத் தெரியும்.

கை கற்றுக்கொண்டது

முதல் லாரி தோல்வி. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கோணலாக இருந்த பலகை மேல் வைத்துச் சட்டத்தை ஒட்டினேன். காய்ந்தபின் தரையில் வைத்தால் மூன்று சக்கரம் தரையில், ஒன்று அந்தரத்தில். அப்பா எடுத்துப் பார்த்துவிட்டு, "கண்ணாடி மேல வச்சு ஒட்டு" என்றார். உடைந்த ஜன்னல் கண்ணாடி ஒன்றைத் தேடிக் கொடுத்தார். நம் ஒர்க்‌ஷாப்பில் சர்பேஸ் பிளேட் எதற்கு என்று கேள்வி கேட்டால் இரண்டு மார்க்குக்குப் பதில் எழுதுவோம். எனக்கு அந்தப் பதிலை ஆடுகிற சக்கரம்தான் சொல்லிக்கொடுத்தது.

அடுத்த தப்பு. பாடியைச் சட்டத்தோடு நீளம் முழுக்கப் பெவிக்கால் போட்டு இறுக்கி ஒட்டினேன். அதற்கும் அப்பா தலையை ஆட்டினார். "சட்டம் முறுக்கிக் குடுக்கோணும் சாமி. மேடு பள்ளத்துல வண்டி போவுதல்ல? அசையாம கட்டிப்போட்டா எங்கயாவது ஒரு பக்கம் விட்டுரும்." நிஜ லாரியில் சட்டத்துக்கும் பாடிக்கும் நடுவே மரக்கட்டை வைத்து, யு போல்ட் போட்டுப் பிடித்திருப்பார்கள். தினமும் ரோட்டில் பார்க்கிற லாரிதான். அந்தக் கட்டையை அதுவரை நான் பார்த்ததே இல்லை. செய்ய உட்கார்ந்தபோதுதான் கண் திறந்தது.

இதில் கணக்கும் இருக்கிறது, ரசமான கணக்கு. நீளம் 24 மடங்கு குறைந்தால் பரப்பு 576 மடங்கு குறையும். கன அளவு 13,824 மடங்கு குறையும். 2018இல் உயர்த்திய வரம்புப்படி இரண்டு அச்சு லாரி சுமையோடு சேர்த்து 18.5 டன் வரை போகலாம். அதே பொருளில், அதே மாதிரி 1:24 அளவில் செய்தால் எடை வெறும் 1.34 கிலோ! ஆனால் சட்டத்தின் குறுக்குவெட்டுப் பரப்பு 576 மடங்குதான் குறைந்திருக்கிறது. அதனால் சின்ன வண்டி தன் எடைக்குப் பெரிய வண்டியைவிட 24 மடங்கு பலசாலி. எறும்பு தன் எடையைப்போலப் பல மடங்கைத் தூக்குவதற்கும் இதுதான் அடிப்படை. சின்னதில் தாங்குகிறது என்பதற்காகப் பெரியதிலும் தாங்கும் என்று நம்பிவிடக் கூடாது என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. இதை எனக்கு ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடம் ஆரம்பிப்பதற்கு முன்பே என் ஒட்டுப்பலகைச் சட்டம் சொல்லிவிட்டது.

தடிமன்தான் பெரிய தலைவலி. ஒரு இஞ்ச் பலகை 1:24இல் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலே வரும். ஐஸ் குச்சியைப் பாதியாகத் தேய்த்தால் கிடைக்கும். ஆனால் 1.2 மில்லிமீட்டர் தகரம் 0.05 மில்லிமீட்டர் ஆகிவிடும். காகிதத்தைவிட மெல்லிசு! எங்கே போவது? கூல்டிரிங்ஸ் டின்னை வெட்டினேன், அதுவே இரண்டு மடங்கு தடிப்பு. பெயிண்டைக் கொஞ்சம் தாராளமாக அடித்தாலும் நிஜ லாரியில் சிமெண்ட் பூசின மாதிரி தெரியும். எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் சுருக்க முடியாது, எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக் கூடாது என்று முடிவு எடுக்க வேண்டும். டிசைன் என்பதே இதுதானே நண்பர்களே!

மற்றதெல்லாம் கிடைத்ததை வைத்துத்தான். 10.00-20 டயர் நிஜத்தில் ஏறக்குறைய 1050 மில்லிமீட்டர் உயரம், என் கணக்கில் 44. பழைய ஹவாய் செருப்பை வட்டமாக அறுத்து, டிரில் மிஷினில் மாட்டிச் சுற்றவிட்டு எமரி தாள் பிடித்தால் அருமையான டயர். முன்னால் இரண்டு, பின்னால் நாலு, ஸ்டெப்னி ஒன்று, ஆக ஏழு டயருக்கு மூன்று செருப்பு காலி. பால் பேனா ரீஃபில் புரொப்பல்லர் ஷாப்ட் ஆனது. சட்டைப் பொத்தான் சக்கரத்தின் நடுமூடி ஆனது. லீஃப் ஸ்பிரிங்குக்குப் பழைய பிளாஸ்டிக் கோப்பு அட்டையை நீளம் குறைத்துக் குறைத்து வெட்டி அடுக்கினேன். முதல் தடவை எல்லாப் பட்டையையும் ஒரே நீளத்தில் வெட்டிவிட்டு, அது ஏன் வளையவே மாட்டேன் என்கிறது என்று விழித்தது தனிக்கதை.

அந்த நவம்பரில் கிராபிக்ஸ் அரியரை எழுதினேன். ஐசோமெட்ரிக் படத்தைப் பார்த்ததும் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கிற மாதிரி இருந்தது. பாஸ்! ரேங்க் எல்லாம் இல்லை. பாஸ். எங்கள் வீட்டுக்கு அது போதும்.

மறுபக்கமும் உண்டு

எதிர்த்துப் பேசுகிறவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதையும் பார்ப்போம்.

'இது பணக்காரர் விளையாட்டு' என்பது முதல் குற்றச்சாட்டு. ஓரளவு உண்மைதான். இதில் என் தப்பு ஒன்றும் இருக்கிறது. இரண்டாமாண்டில் ஒரு ஆசை வந்தது. பளபளவென்று படம் போட்ட அட்டைப்பெட்டியில் வரும் வெளிநாட்டு பிளாஸ்டிக் கிட் வேண்டும். விலை அம்மாவின் பத்து நாள் கூலி. உதவித்தொகை வந்ததும் வீட்டில் சொல்லாமல் வாங்கிவிட்டேன். பாகங்கள் எல்லாம் அச்சில் வார்த்து அழகாக வரிசையாக இருந்தன. கிள்ளி எடுத்து ஒட்ட வேண்டியதுதான் வேலை. இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு கார் வந்தது. குறை சொல்ல முடியாது, அந்த வார்ப்பின் நேர்த்தியிலேயே பாடம் இருக்கிறது. அச்சு செய்தவன் மகா கெட்டிக்காரன். ஆனால் அந்தக் காரை நான் ரோட்டில் பார்த்ததுகூட இல்லை. அதன் கதவு எப்படித் திறக்கும் என்று கேட்க எனக்கு யாரும் இல்லை. ஊருக்குப் போனபோது அம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "நல்லாருக்குது, எவ்வளவு?" என்று கேட்டாள். பாதி விலையைச் சொன்னேன். அதுவே அவளுக்கு அதிகமாக இருந்தது. முழு விலையை இந்த மலரில்தான் ஒப்புக்கொள்கிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. தங்கை படித்துக் காட்டுவாள். காட்டட்டும்.

அதனால் என் கட்சி இதுதான்: கிட் வாங்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். முதலில் கையில் கிடைப்பதை வைத்து ஒன்று செய்யுங்கள். பிறகு வாங்கினால் அதன் அருமை தெரியும்.

'நேரம் வீண்' என்பது இரண்டாவது. அளவு மீறினால் வீண்தான். ஒரு முறை மறுநாள் டெஸ்ட்டை வைத்துக்கொண்டு ராத்திரி ரெண்டு மணி வரை கதவுக் கைப்பிடி செய்துகொண்டிருந்தேன். மார்க்கைச் சொல்ல வேண்டாம். ஆனால் செல்போனில் விரலைத் தள்ளிக்கொண்டே போகும் இரண்டு மணி நேரத்தை யாரும் வீண் என்று சொல்லவில்லையே, ஏன்?

'இதனால் வேலை கிடைக்குமா?' என்பது மூன்றாவது. கிடைக்காது. மாடல் லாரியைக் காட்டினால் எந்தக் கம்பெனியும் ஆர்டர் கொடுத்துவிடாது. ஆனால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகும் கார் கம்பெனிகளின் டிசைன் ஸ்டுடியோவில் களிமண் மாதிரி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். திரையில் பார்ப்பது வேறு, வெளிச்சம் விழும் உருவத்தைச் சுற்றி நடந்து பார்ப்பது வேறு. பார்முலா ஒன் ரேஸ் கார்களைக் காற்றுச் சுரங்கத்தில் சோதிப்பது 60 சதவீதத்துக்கு மேற்படாத மாதிரியை வைத்துத்தான், விதியே அப்படி. மாதிரி செய்வது சிறுபிள்ளை வேலை என்றால் அவர்கள் எல்லாம் சிறுபிள்ளைகளா?

நம் லாரியை யார் செய்வார்?

இதுதான் என் கட்டுரையின் உயிர்நாடி. இதற்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

ஜப்பானில் லாரிக்காரர்கள் தங்கள் லாரிகளை விளக்கு, படம், எவர்சில்வர் தகடு என்று அலங்கரிப்பார்கள். தெகோதோரா என்று பெயர். 1975 முதல் 1979 வரை அதை வைத்து வரிசையாகச் சினிமாவே எடுத்தார்கள். அந்த அலங்கார லாரிகளை அஓஷிமா என்ற கம்பெனி மாடல் கிட்டாகப் பெட்டியில் போட்டு விற்கிறது. அமெரிக்காவின் பீட்டர்பில்ட் லாரிக்குக் கிட் உண்டு. ஐரோப்பாவின் ஸ்கேனியாவுக்கு உண்டு. நான் ஏறி இறங்கிய எந்தக் கடையிலும் நாமக்கல் லாரிக்கு அப்படி ஒரு கிட் பார்த்ததில்லை. முன்நெற்றியில் குலசாமி பெயர், கண் திருஷ்டிக்குக் கறுப்புக் கயிறு, பாடியின் பக்கப் பலகையில் தாமரை, பின்னால் 'ஒலி எழுப்பவும்' என்று நம் பெயிண்டர் ஸ்கேல் இல்லாமல் எழுதுகிற எழுத்து. இதெல்லாம் எந்த ஜப்பான் லாரிக்குக் குறைந்தது?

அந்த லாரி இப்போது போய்க்கொண்டிருக்கிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்துவிட்டது. நல்ல விதி. ஐம்பது டிகிரி சூட்டில் என்ஜின் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்குத்தான் அதன் அருமை தெரியும். அப்பாவே, "டிரைவரு மனுசனில்லையா?" என்றார். கம்பெனியிலேயே கேபின் கட்டி வரும் வண்டிகள் அதிகமாகிக்கொண்டே போகின்றன. மரச்சட்டம் கோத்துக் கேபின் கட்டுகிற வேலை குறைந்துவிட்டது. அப்பா இப்போது வாரத்தில் மூன்று நாள்தான் பட்டறைக்குப் போகிறார். மீதி நாள் வீட்டு வேலைக்குக் கதவு, ஜன்னல் என்று போகிறார்.

நான் இதற்காக யாரையும் குறை சொல்லவில்லை. காலம் மாறத்தான் செய்யும். மாட்டு வண்டிக்கு ஆரக்கால் கோத்தவர்களும் ஒருநாள் இப்படித்தான் நின்றிருப்பார்கள். என் கேள்வி வேறு. அந்த மரக்கேபினுக்கு எங்கேயாவது டிராயிங் இருக்கிறதா? அப்பாவிடம் கேட்டேன். "டிராயிங்கா? இதுல இருக்குது" என்று கையைக் காட்டினார். எந்த மூலையில் எந்தப் பொருத்து, கதவுச் சட்டம் எத்தனை இஞ்ச், கூரை எவ்வளவு வளைவு, எல்லாம் அந்தக் கையில்தான் இருக்கிறது. அந்தக் கை ஓய்ந்தால் அதோடு போய்விடும்.

அதனால் இப்போது மூன்றாவது லாரி செய்கிறேன். இந்தத் தடவை அப்பாவின் மரக்கேபின், உள்சட்டத்தோடு. ஒரு பக்கம் தகரம் போடாமல் திறந்தே விட்டிருக்கிறேன், மரம் எப்படிக் கோத்திருக்கிறது என்று தெரியட்டும் என்று. கூடவே ஒவ்வொரு பாகத்துக்கும் டிராயிங் போடுகிறேன். பிளான், எலிவேஷன், சைடு வியூ. எந்தப் பாடத்தில் பெயிலானேனோ அந்தப் பாடத்தில்! போன தீபாவளிக்கு எடுத்துப்போய்க் காட்டினேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டேப்பை எடுத்து, அரை இஞ்சுக்கு ஒரு அடி என்று திருப்பிக் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஏதாவது பாராட்டுவார் என்று நின்றேன்.

"பின்கதவுக் கொக்கியை மாத்திப் போட்டிருக்கற. லோடு இறக்கறப்ப கை சிக்கிக்கும்."

சரி செய்துவிட்டேன்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

மாணவர் சங்கத்தாருக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் பணிவான வேண்டுகோள். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை.

1. ஒர்க்‌ஷாப்பின் ஒரு மூலையில் ஒரு அலமாரியும், ஒரு மேசையும், அதன்மேல் ஒரு கண்ணாடிப் பலகையும். சனிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் அனுமதி.

2. தச்சு, தகர வேலைப் பிரிவுகளில் கழித்துப்போடும் துண்டுகளை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வார்த்தை. ஒருவர் ஒரு மாதிரிக்கு நூறு ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது என்று நாமே விதி வைத்துக்கொள்வோம். பணம் இருப்பவனும் இல்லாதவனும் ஒரே மேசையில் உட்காரலாம்.

3. மாதிரியோடு அளவு டிராயிங்கும் கட்டாயம். அளவு இல்லாமல் செய்தால் அப்புறம் அது நிஜமாகவே பொம்மைதான்.

4. கம்பெனி கார் வேண்டாம், அவரவர் ஊர் வண்டி. திருச்செங்கோட்டு நண்பன் போர்வெல் லாரி செய்யட்டும். கரூர் நண்பன் தன் ஊரில் கட்டும் பஸ் செய்யட்டும். கரும்பு டிராக்டர், மீன் வண்டி, மினி பஸ், தண்ணீர் லாரி எல்லாம் வரட்டும். ஆண்டு விழாவில் ஒரு மேசை போட்டு வரிசையாக நிறுத்துவோம்.

5. அமெரிக்கப் போட்டி பையன்களுக்கு மட்டும் என்று இருந்தது. நம்முடையது அப்படி வேண்டாம். வகுப்பில் சுத்தமாக டிராயிங் போடுபவர்கள் யார் என்று நமக்கே தெரியும். தங்கைகளும் தோழிகளும் வந்தால் நம் கோணல் சட்டங்கள் கொஞ்சம் நேராகும்.

நண்பர்களே! நம்மில் பலபேர் வீட்டில் நாம்தான் முதலில் படிக்க வந்தவர்கள். நம் அப்பாக்கள் வெல்டர், டிங்கர், தறிக்காரர், கொத்தனார், டிரைவர். படித்துவிட்டோம் என்பதாலேயே அவர்களுடைய வேலையை விட்டுத் தூரம் போய்விட வேண்டும் என்று ஏதோ ஒன்று நம்மைத் தள்ளுகிறது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. விடுதியில் அப்பா என்ன வேலை என்று கேட்டால், "லாரி பாடி பிசினஸ்" என்று சொல்லியிருக்கிறேன். இந்தச் சின்ன லாரிதான் என்னைத் திரும்ப அந்த மரத்தூளில் கொண்டுபோய் உட்கார வைத்தது. வகுப்பில் படித்ததை வைத்து அவர் வேலையைப் புரிந்துகொண்டேன். அவர் வேலையை வைத்து வகுப்பில் படித்ததைப் புரிந்துகொண்டேன்.

இப்போது யாராவது பொம்மைக்காரன் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன். மூன்றாவது லாரி இன்னும் முடியவில்லை. கேபின் கூரையின் வளைவு சரியாக வரமாட்டேன் என்கிறது. பொங்கல் லீவில் அப்பாவிடம் கேட்க வேண்டும். இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது லாரி என் அறை ஜன்னலில் நிற்கும், பெட்டிக்குள் இருக்காது. வந்து பாருங்கள். கையில் எடுத்தும் பார்க்கலாம். பின்கதவுக் கொக்கி மட்டும் ஜாக்கிரதை.